நடுங்கும் வண்டியும் நாம் சுமக்கும் அமானிதமும்





நம் சமுதாயக் குடும்பங்களில் பழைய கார் என்பது பெரும்பாலும் ஆடம்பரத்திற்காக வைத்திருப்பதன்று, தேவைக்காக வைத்திருப்பது. வளைகுடாவில் உழைப்பவர் விடுமுறையில் வந்தபோது வாங்கிப்போட்ட செகண்ட் ஹேண்ட் வேகன் ஆர், தந்தை ஓட்டி மகனுக்கு வந்த மாருதி 800, கடைச் சரக்கையும் குடும்பத்தையும் மாறி மாறிச் சுமக்கும் ஆம்னி ஆகியவையே நம் தெருக்களில் அதிகம் நிற்கின்றன. பெருநாளுக்குச் சம்பந்தி வீடு, நிக்காஹுக்கு அடுத்த ஊர், பிரசவத்திற்கு மருத்துவமனை, ஜனாஸாவுக்கு நள்ளிரவுப் பயணம் என எல்லாவற்றிற்கும் இவ்வண்டிகளே துணை.

வண்டியில் ஏறியதும் பயண துஆ ஓதப்படுகிறது. முன்கண்ணாடியிலும் அந்த துஆ ஒட்டப்பட்டிருக்கிறது. ஊர் எல்லையைத் தாண்டி 70 கி.மீ. வேகத்தை எட்டும்போது ஸ்டியரிங் நடுங்கத் தொடங்குகிறது. பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் உம்மா, "என்ன வாப்பா, வண்டி இப்படி ஆடுது?" என்று கேட்கிறார். "பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வருகிறது. பயணம் தொடர்கிறது.

அந்தப் பதில் பட்டறைக் கணக்கின்படியும் தவறு, மார்க்கத்தின் கணக்கின்படியும் தவறு என்பதே நம் கருத்து. வண்டிக்கு வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் எந்தச் சக்கரமும் நடுங்குவதில்லை. ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது, தளர்ந்திருக்கிறது, வளைந்திருக்கிறது அல்லது சமநிலை இழந்திருக்கிறது. காரணமிருக்கும் ஒன்றைக் காரணமற்றதாகக் கருதி, பிறருடைய உயிரை ஏற்றிச் செல்வது அமானிதத்திற்கு உகந்த செயலாகாது.

வாயில்லாத வாகனத்தின் முறையீடு

அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி நாம் அறிந்ததே. நபி (ஸல்) அவர்கள் அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்திற்குள் சென்றபோது, அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டு கண்ணீர் வடித்தது. அதைத் தடவி அமைதிப்படுத்திய அண்ணலார், அதன் உரிமையாளரை அழைத்து, அல்லாஹ் உம் வசம் தந்திருக்கும் இப்பிராணியின் விஷயத்தில் அவனை அஞ்ச வேண்டாமா என்ற கருத்தில் கண்டித்தார்கள். அது பசியில் வாடுவதையும், ஓய்வின்றி உழைக்க வைக்கப்படுவதையும் முறையிட்டதாகத் தெரிவித்தார்கள்.

காருக்கு உயிரில்லை, அதற்குப் பசியும் வலியும் இல்லை. ஆனால் அதனுள் அமர்ந்திருப்பவர்களுக்கு உயிர் இருக்கிறது. வண்டி தன் குறையைத் தெரிவிக்க ஓசையும் நடுக்கமும் தவிர வேறு வழியில்லை. அவ்விரண்டையும் கவனிக்கும் பொறுப்பு, சாவியைக் கையில் வைத்திருப்பவருடையது.

அந்த முறையீட்டைப் புரிந்துகொள்ள அனைவரும் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. பட்டறைக்குப் போகும் முன் சில கேள்விகளுக்கு நாமே விடை கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். வீண்செலவும் குறையும்.

முதற்கேள்வி: எப்போது நடுங்குகிறது?

"வண்டி ஆடுகிறது" என்று மட்டும் மெக்கானிக்கிடம் சொல்வது, மருத்துவரிடம் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்வது போன்றது. நின்றபடி இன்ஜின் ஓடும்போதா, குறிப்பிட்ட வேகத்திலா, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதா, பிரேக் பிடிக்கும்போதா, கிளட்சை விட்டு வண்டி நகரும்போதா என்பதைக் கவனித்துச் சொல்ல வேண்டும். இந்த ஐந்துக்கும் காரணங்கள் வெவ்வேறு.

அடுத்து, நடுக்கம் எங்கே தெரிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்டியரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரங்களின் பக்கமே காரணம் இருக்கும். இருக்கையிலும் தரையிலும் தெரிந்தால் பின்சக்கரங்களையோ, ஆம்னி போன்ற வண்டிகளில் பிராபெல்லர் ஷாஃப்டையோ ஐயுறலாம்.

மூன்றாவதாக, நடுக்கம் இன்ஜினின் சுழற்சியைத் தொடர்ந்து வருகிறதா, சக்கரத்தின் வேகத்தைத் தொடர்ந்து வருகிறதா என்று பிரித்தறிய வேண்டும். இதற்கு எளிய சோதனை உண்டு. போக்குவரத்து இல்லாத நேரான சாலையில், நடுக்கம் வரும் வேகத்தில் செல்லும்போது, அதே வேகத்தை மாற்றாமல் ஒரு கியரைக் குறைத்துப் பார்க்க வேண்டும். இப்போது இன்ஜின் முன்னைவிட வேகமாகச் சுழலும். சக்கரத்தின் சுழற்சி மாறாது. நடுக்கமும் மாறாமல் அப்படியே இருந்தால் காரணம் சக்கரத்தின் பக்கம் உள்ளது. நடுக்கம் மாறினால் இன்ஜின் பக்கம் தேட வேண்டும். சோதனைக்காக ஓடும் வண்டியின் இன்ஜினை அணைப்பது கூடாது. அணைத்தால் பிரேக்கிற்குத் துணைசெய்யும் பூஸ்டர் சில மிதிகளில் வலுவிழந்துவிடும். பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் இறுகிவிடும்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மாருதி 800, ஆம்னி ஆகிய இரண்டிலும் இருப்பது 796 சிசி கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் இன்ஜின். மூன்று சிலிண்டர் இன்ஜின் நான்கு சிலிண்டர் இன்ஜினைப் போல் அத்தனை அமைதியாக நின்றோடாது. இலேசான அதிர்வு அதன் இயல்பு. ஆகவே எல்லா அதிர்வும் நோயன்று. நேற்று இல்லாமல் இன்று வந்த நடுக்கமும், நாளுக்கு நாள் கூடும் நடுக்கமும்தான் நாம் தேட வேண்டியவை.

வேகத்தில் வரும் நடுக்கம்: செலவில்லாததிலிருந்து தொடங்குவோம்

மிகுதியாகக் காணப்படுவது 60 முதல் 90 கி.மீ. வேகத்திற்குள் ஸ்டியரிங் நடுங்குவதுதான். இதற்கு முதலில் பார்க்க வேண்டியது டயர். வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பார்க்க வேண்டும். எவ்வளவு அழுத்தம் என்பது வண்டியின் கையேட்டிலோ ஓட்டுநர் கதவருகே ஒட்டிய தாளிலோ இருக்கும். பின்பு ஒவ்வொரு டயரையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் புடைப்பு, வெடிப்பு, ஒருபக்கத் தேய்வு இருக்கிறதா என்று உட்புறத்தையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம். புடைத்த டயர் உள்ளே இழை அறுந்த டயர், அதை ஓட்டக்கூடாது.

மழைக்காலத்தில் சக்கரத்தின் உட்புற வளையத்தில் சேறு அப்பிக் காய்ந்துவிடும். கழுவினால் போய்விடும் நடுக்கமும் உண்டு. ஆனால் வெளிப்பக்கம் மட்டும் கழுவினால் போதாது.

வளைகுடா சகோதரர்களின் வண்டிகளுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. பதினொரு மாதம் ஒரே இடத்தில் நின்ற வண்டியில், தரையைத் தொட்டு நின்ற பகுதி தட்டையாகிவிடும். சிறிது தூரம் ஓடிச் சூடானதும் சில டயர்கள் பழைய உருவுக்குத் திரும்பும், சில திரும்பா. மேலும், ஓடாத டயர் தேயாது. ஆனால் அதன் ரப்பர் முதுமையடையும். டயரின் பக்கவாட்டில் நான்கிலக்க எண் ஒன்று இருக்கும். 3516 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் தயாரானது என்று பொருள். பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பத்தாண்டு கடந்த டயரில் நெடுஞ்சாலைக்குப் போவது அறிவுடைமையாகாது. ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

டயர் நன்றாக இருந்தால் அடுத்தது வீல் பேலன்சிங். இதன் தேவையை ஒரு சிறு கணக்கு விளக்கும். மாருதி 800, ஆம்னி போன்ற வண்டிகளின் 12 அங்குலச் சக்கரம் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 13 முதல் 14 முறை சுழலும். அதன் விளிம்பில் ஒரு பக்கம் 20 கிராம் எடை கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது இரண்டு கிலோவுக்கும் சற்று மேற்பட்ட எடையின் விசையோடு சக்கரத்தை வெளிநோக்கி இழுக்கும். அதுவும் நொடிக்கு 13 முறைக்குமேல், மேலும் கீழுமாக. வேகம் பாதியானால் விசை நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். ஊருக்குள் 40 கி.மீ. வேகத்தில் தெரியாத நடுக்கம் புறவழிச்சாலையில் தெரிவது இதனால்தான். விளிம்பில் ஒட்டிய சிறு ஈய எடை ஒன்று விழுந்திருந்தால் போதும். இந்த நிலை வந்துவிடும். சரிசெய்யச் சில நூறு ரூபாய்தான் ஆகும்.

பலர் பேலன்சிங்கையும் அலைன்மென்ட்டையும் ஒன்றாகக் கருதுகின்றனர். அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் நோக்கும் கோணத்தைச் சரிசெய்வது. வண்டி ஒருபக்கம் இழுத்தாலும், டயர் ஒருபக்கமாகத் தேய்ந்தாலும் அது தேவை. நடுக்கத்தை நேரடியாகத் தீர்ப்பது பேலன்சிங்தான். அலைன்மென்ட் மட்டும் செய்துவிட்டு "நடுக்கம் போகவில்லை" என்று வருந்துவோர் இந்த வேறுபாட்டை அறிய வேண்டும்.

பேலன்சிங் செய்தும் போகவில்லையெனில், முன்சக்கரங்களைப் பின்னுக்கும் பின்சக்கரங்களை முன்னுக்கும் மாற்றிப் பார்க்கலாம். நடுக்கம் ஸ்டியரிங்கிலிருந்து இருக்கைக்கு இடம் மாறினால் குற்றம் அந்தச் சக்கரத்திலேயே இருக்கிறது: டயரின் உருவம் கெட்டிருக்கலாம், பள்ளத்தில் விழுந்து ரிம் வளைந்திருக்கலாம். நடுக்கம் முன்பக்கமே நின்றால் டை ராட் எண்ட், பால் ஜாயின்ட், புஷ், வீல் பேரிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வேகத்தோடு கூடும் "உம்ம்" என்ற ஓசை, வளைவில் திரும்பும்போது மாறினால் பேரிங் மீது ஐயம் கொள்ளலாம்.

பழைய வண்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் சேர்ந்திருப்பதும் உண்டு. புஷ் இறுக்கமாக உள்ள வண்டி சிறு சமநிலைக் குறைவைத் தாங்கிக்கொள்ளும். புஷ் தேய்ந்த வண்டியில் அதே குறை பெரிதாகத் தெரியும். எனவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சரிசெய்து, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததற்குச் செல்வதே முறை. ஐந்து பாகங்களை ஒரே நாளில் மாற்றினால் எது காரணம் என்பது கடைசிவரை தெரியாது. பணம் போனது மட்டும் தெரியும்.

மற்ற நேரங்களில் வரும் நடுக்கம்

பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் உதறினால், பிரேக் டிஸ்க் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இல்லை என்று பொருள். லேத்தில் கொடுத்துச் சீவலாம். ஆனால் டிஸ்க்கில் பொறிக்கப்பட்டிருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகக்கூடாது. போனால் புதியது போட வேண்டும். பிரேக் மிதி காலடியில் துடித்து, இருக்கையும் ஆடினால் பின்சக்கர டிரம் வட்டம் மாறியிருக்கலாம்.

ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வண்டி உதறி, காலை எடுத்ததும் நின்றுவிட்டால், மாருதி 800 போன்ற முன்சக்கர இயக்க வண்டிகளில் ஆக்சிலின் உட்பக்க ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும். திரும்பும்போது "டக் டக்" என்று கேட்டால் வெளிப்பக்க ஜாயின்ட். அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருப்பது முதல் அடையாளம். கிழிந்த ரப்பரை உரிய நேரத்தில் மாற்றினால் ஜாயின்ட் பிழைக்கும். ஆம்னி பின்சக்கர இயக்க வண்டி. அதன் பிராபெல்லர் ஷாஃப்டின் முனைகளில் உள்ள கிராஸ் ஜாயின்ட் தேய்ந்தால், கியர் போட்டு நகரும்போது ஓர் இடி ஓசையும், வேகத்தில் தரையடியில் அதிர்வும் தெரியும்.

நிற்கும்போது ஆடினால் ஸ்பார்க் பிளக், பிளக் வயர், ஏர் ஃபில்டர், ஐட்லிங் அளவு ஆகிய மலிவானவற்றை முதலில் பார்த்துவிட்டு, பிறகு இன்ஜின் மவுண்டிங்கிற்கு வர வேண்டும். மூன்று சிலிண்டரில் ஒன்று எரியவில்லை என்றால் மூன்றில் ஒரு பங்கு வலு போய்விடும். வண்டி நின்றபடியே குலுங்கும், ஏற்றத்தில் திணறும். இன்ஜின் சீராக ஓடியும் அதிர்வு உடம்புக்கு வருகிறதென்றால், இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் இறுகியோ பிளந்தோ இருக்கும். கிளட்சை விடும்போது மட்டும் உதறல் என்றால் கிளட்ச் பிளேட்டையும் மவுண்டிங்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லலாம்.

உடனே நிறுத்த வேண்டிய நடுக்கம்

மேற்சொன்னவற்றில் பலவற்றுக்குச் சில நாள் அவகாசம் உண்டு. சிலவற்றுக்குச் சில நிமிட அவகாசமும் இல்லை. பஞ்சர் கடையில் சக்கரம் மாட்டி வந்தபின், குறைந்த வேகத்திலேயே சக்கரம் தள்ளாடுவதுபோல் தோன்றினால் வீல் நட் தளர்ந்திருக்கலாம். அந்த இடத்திலேயே ஓரம் கட்டி நிறுத்த வேண்டும். நட்களை எதிரெதிராக, குறுக்கு முறையில் முடுக்க வேண்டும். 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மீண்டும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. திடீரெனத் தொடங்கிய பலத்த நடுக்கம், டயர்ப் புடைப்பு, ஸ்டியரிங்கைத் திருப்பியும் சக்கரம் தாமதித்துத் திரும்புவது, பிராபெல்லர் ஷாஃப்ட் அடிக்கும் ஓசை ஆகியவையும் இவ்வகையே. திருமண நேரம் தவறினாலும் பரவாயில்லை. வண்டி நிற்க வேண்டும்.

வீட்டில் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் வண்டியின் அடியில் எவரும், எந்தக் காரணத்திற்காகவும் செல்லக்கூடாது.

தவக்குல் எங்கே தொடங்குகிறது?

இவ்வளவையும் சொல்லும்போது, "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், நடப்பது நடக்கும்" என்று சிலர் கூறுவர். விதியை நம்புவது ஈமானின் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைப்பதா, அவிழ்த்துவிட்டு நம்பிக்கை வைப்பதா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டு, பின்பு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்தது திர்மிதீயில் உள்ளது. நமக்கு வீல் நட்டை முடுக்குவதுதான் ஒட்டகத்தைக் கட்டுவது. பயண துஆவின் பொருளையும் சற்றே எண்ணிப் பார்ப்போம். இவ்வாகனத்தை வசப்படுத்தியது நம் ஆற்றலன்று, அவனுடைய அருள் என்பதும், அவனிடமே திரும்பிச் செல்லவிருக்கிறோம் என்பதும் அதில் அடங்கியுள்ளன. அருளாகக் கிடைத்ததைப் பேணாதவர், அது குறித்து அவனிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதையும் அதே துஆவில் நினைவுகூர வேண்டும்.

சாலையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று எனக் கற்றிருக்கிறோம். கழன்றோடக் கூடிய சக்கரத்தைச் சாலைக்குக் கொண்டுவருபவர், கிடக்கும் முள்ளை அகற்றாதவர் மட்டுமல்லர். புதிதாக ஒரு முள்ளைப் போடுபவர். நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 190ஆம் பிரிவின்படி, ஆபத்து விளைவிக்கும் குறை உள்ள வண்டியை ஓட்டுவதோ பிறரை ஓட்ட அனுமதிப்பதோ குற்றம். குறையை அறிந்திருந்தால் மட்டுமன்று, சாதாரண கவனத்தில் அறிந்திருக்கக் கூடியதாக இருந்தாலும் குற்றமே. "எனக்குத் தெரியாது" என்பது அங்கும் செல்லாது.

மெக்கானிக்கின் கூலி

நம்மிடையே ஒரு வழக்கம் உண்டு. மெக்கானிக் அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்து, சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்து, "பெரிய குறை ஒன்றுமில்லை, காற்று மட்டும் சரியாக வையுங்கள்" என்று சொன்னால், "சரி பாய், வரட்டுமா" என்று கிளம்பிவிடுவோர் பலர். பாகம் மாற்றினால்தான் கூலி என்று எண்ணுகிறார்கள். காரணத்தைக் கண்டுபிடிப்பதும் உழைப்புதான். சொல்லப்போனால் அதுதான் கடினமான உழைப்பு. அதற்குக் கூலி தராவிட்டால், மாற்றத் தேவையில்லாத பாகத்தை மாற்றிச் சம்பாதிக்கும் நிலைக்கு நேர்மையான தொழிலாளியையும் நாமே தள்ளுகிறோம். வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

தொழிலாளச் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கழற்றிய பழைய பாகத்தை உரிமையாளரிடம் காட்டுங்கள். எங்கே தேய்ந்திருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். அந்த ஒரு பழக்கம் உங்கள் கடைக்கு விளம்பரப் பலகையைவிட அதிக நம்பிக்கையைத் தேடித்தரும்.

விற்கும்போது மறைப்பது

நடுக்கத்தைச் சரிசெய்ய மனமில்லாதவர் வண்டியை விற்றுவிட நினைக்கிறார். விற்பதில் தவறில்லை, மறைத்து விற்பதில்தான் தவறு. அதற்குரிய தந்திரங்கள் சந்தையில் நன்கு தெரிந்தவையே. கெட்ட டயர்களைப் பின்னுக்கு மாற்றிவிட்டால் ஸ்டியரிங்கில் நடுக்கம் தெரியாது. ஐட்லிங்கைக் கூட்டி வைத்தால் நிற்கும்போது ஆடுவது அடங்கிவிடும். வாங்க வருபவரை ஊருக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டச் செய்தால் 80 கி.மீ. வேகத்து உண்மை வெளியே வராது.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே ஈரமிருப்பதைக் கண்ட நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மழையில் நனைந்தது என்று வணிகர் கூறியபோது, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். பின்னுக்கு மாற்றப்பட்ட கெட்ட டயருக்கும் குவியலுக்குள் மறைக்கப்பட்ட ஈரத்திற்கும் என்ன வேறுபாடு? நனைந்த தானியத்தை வாங்கியவர் இழப்பது பணம். நடுங்கும் வண்டியை வாங்கியவர் இழப்பது அதைவிடப் பெரிதாகலாம்.

மறைந்திருந்த பழைய குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பித்தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்று ஃபிக்ஹ் நூல்கள் கூறுகின்றன. இதனைக் கியாருல் ஐப் என்பர். அதன் நிபந்தனைகளில் மத்ஹபுகளுக்கிடையே விரிவான விளக்கங்கள் உண்டு. அவற்றை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டறியலாம். ஆனால் தெரிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் இரு கருத்து இல்லை. "நன்றாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு பேசக்கூடாது" என்ற சொல் அந்தப் பாவத்தைக் கழுவாது. "75-இல் ஸ்டியரிங் நடுங்கும், பேலன்சிங் பார்க்கவில்லை" என்று சொல்லி ஐயாயிரம் குறைவாக விற்பவரின் பணத்தில் பரக்கத் இருக்கும் என்பதே நம் நம்பிக்கை.

நம் பிள்ளைகள் ஏறும் வேன்

இறுதியாக, மதரஸாவில் கற்பிப்பவர்கள் என்ற முறையில் நாம் நாள்தோறும் காணும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காலையிலும் மாலையிலும் பிள்ளைகளை இறக்கிவிடும் வண்டிகளில் பல ஆம்னிகள். 1984இல் அறிமுகமான அவ்வண்டியின் தயாரிப்பு 2019இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதாவது இன்று ஓடும் ஆம்னி ஒவ்வொன்றும் பழைய வண்டிதான். அதில் இருக்கைக் கணக்கை மீறிப் பிள்ளைகள் மடிமேல் மடியாக அமர்ந்து வருகின்றனர். சமநிலை இழந்த சக்கரமும் தேய்ந்த கிராஸ் ஜாயின்ட்டும் அந்தக் கூடுதல் சுமையில் இன்னும் விரைவாகக் கெடும்.

ஓட்டுநரை மட்டும் குறைகூறுவது எளிது. ஆனால் மாதக் கட்டணத்தில் ஐம்பது ரூபாய் கூட்டினால் வேறு வேன் தேடும் பெற்றோர் இருக்கும்வரை, அவர் எதைக்கொண்டு நான்கு டயர் வாங்குவார்? கட்டணத்தைக் குறைக்கக் கேட்கிறோம். அவர் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார். நாம் மிச்சப்படுத்தும் அந்த ஐம்பது ரூபாய், நம் பிள்ளை அமர்ந்திருக்கும் வண்டியின் டயரிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

இது புதிய கவலையன்று. ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்த ஷாஃபிஈ அறிஞர் இமாம் மாவர்தீ அவர்கள் தமது அல்-அஹ்காமுஸ் சுல்தானிய்யாவில், சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிபின் அதிகாரங்களை விவரிக்கிறார்கள். கப்பல் தாங்க முடியாத அளவுக்கு ஏற்றி மூழ்கும் அச்சத்தை உண்டாக்குவதிலிருந்து கப்பல்காரர்களைத் தடுப்பதும், கடுங்காற்றில் பயணிப்பதைத் தடுப்பதும் அவற்றுள் அடங்கும். பயணிகளின் உயிரை வண்டிக்காரரின் மனசாட்சிக்கு மட்டும் விட்டுவிடாமல், சமுதாயத்தின் பொறுப்பாகவும் அவர்கள் கண்டார்கள்.

நம் மஹல்லாக்களில் முஹ்தஸிப் இல்லை. ஜமாஅத் நிர்வாகம் இருக்கிறது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின், மஹல்லாவைச் சேர்ந்த மெக்கானிக் இருவரைக் கூலி கொடுத்து அழைத்து, பிள்ளைகள் வேன்களின் டயர், வீல் நட், பிரேக், ஸ்டியரிங் ஆகிய நான்கை மட்டும் பள்ளிவாசல் வளாகத்தில் பார்க்கச் செய்யலாம். ஒரு வண்டிக்குக் கால்மணி நேரம் போதும். டயர் மாற்ற வசதியில்லாத ஓட்டுநருக்குப் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாத அழகிய கடன் கொடுத்து, மாதந்தோறும் சிறிது சிறிதாகப் பெற்றுக்கொள்ளலாம். இருக்கை அளவுக்கு மேல் பிள்ளைகளை ஏற்றும் வேனுக்கு மதரஸா வாசலில் அனுமதியில்லை என்று நிர்வாகமும், நியாயமான கட்டணம் தருகிறோம் என்று பெற்றோரும் ஒரே கூட்டத்தில் முடிவெடுக்கலாம். இரண்டும் சேர்ந்தே வர வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் ஓட்டுநரின் வயிற்றில் அடித்ததாகிவிடும்.

பணவசதி குறைந்த குடும்பங்களுக்கும் ஒன்று சொல்வோம். எல்லாவற்றையும் இம்மாதமே சரிசெய்ய இயலாது என்றால் வரிசை வைத்துக்கொள்ளுங்கள். டயரும் நட்டும் பிரேக்கும் ஸ்டியரிங்கும் முதலில். நின்றபடி ஆடும் இன்ஜின் மவுண்டிங் பிறகு. முதல் வரிசை முடியும்வரை நெடுஞ்சாலைப் பயணத்திற்குப் பேருந்தில் செல்லுங்கள். எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மீறி அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை. ஆனால் நம் சக்திக்குட்பட்டதைக் குறித்து அவன் நிச்சயம் கேட்பான்.

அடுத்த முறை பின்னிருக்கையிலிருந்து "வண்டி ஏன் ஆடுகிறது?" என்ற கேள்வி வந்தால், "இன்ஷா அல்லாஹ், நாளைக் காலையில் பார்த்துவிடுகிறேன்" என்று சொல்வோம். இன்ஷா அல்லாஹ் என்று சொன்னபின், காலையில் எழுந்து பார்க்கவும் செய்வோம்.

நம் பயணங்களை அல்லாஹ் பாதுகாப்பானவையாக ஆக்குவானாக! நம்மை நம்பி ஏறியவர்களின் அமானிதத்தைப் பேணும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.